பெர்லினா, டெல்ஃப்டா, வியன்னாவா? மேற்படிப்புக்கு எங்கே திரும்பி வருவது

ஐரோப்பியக் கல்விப் பயணம் முடியப்போகிறது. ஊருக்குப் போனதும் கடைசி ஆண்டு ஆய்வுத் திட்டம், அது முடிந்தால் கட்டடக்கலையில் பி.ஆர்க். பட்டம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் இப்போது எங்கள் வகுப்பின் இரவுப் பேச்சு. ஜெர்மனியின் பெர்லின், நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஆஸ்திரியாவின் வியன்னா மூன்றையும் பார்த்தாகிவிட்டது. மேற்படிப்புக்கு இவற்றில் எந்த ஊருக்குத் திரும்பி வருவது? பெரும்பாலானவர்கள் முடிவுக்கு வந்துவிட்டார்கள்: ஜெர்மனி, ஏனென்றால் அங்கே கட்டணம் கிடையாது. அது ஒரு நல்ல காரணம். ஆனால் அந்த ஒரு காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று வருடங்களை ஓர் ஊரிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு எல்லா ஊரும் நல்ல ஊர்தான். நாங்கள் வந்தது கோடையில். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். பேராசிரியரின் கடிதம் முன்னே போனதால் பூட்டிய கட்டடங்களும் திறந்தன. தங்குமிடத்துக்கு ஏஜென்ட் பணம் கட்டிவிட்டார், பேசியவர்கள் எல்லோரும் எங்களுக்காக ஆங்கிலத்தில் பேசினார்கள். நவம்பரில் தனியாக வந்து இறங்குகிறவருக்கு இந்த நான்கில் ஒன்றும் கிடைக்காது. அதனால் கட்டடங்களைப் பற்றி என் கண்ணை நம்புகிறேன், வாழ்க்கையைப் பற்றி நம்பவில்லை. போன இடமெல்லாம் கேன்டீனில் இந்திய முகமோ இலங்கைத் தமிழ் முகமோ தென்பட்டால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாடகை எவ்வளவு, அறை எப்படிக் கிடைத்தது, மொழி எவ்வளவு தூரம் வந்தது என்று கேட்டுக்கொண்டேன். வெட்கப்படாமல் கேட்டால் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வதற்கென்றே காத்திருந்தவர்களும் உண்டு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிடித்த பாடம் ஏழைகளுக்கான வீடு. என் ஆய்வுத் திட்டம் சென்னையின் பெரும்பாக்கத்தைப் பற்றியது. நகரின் நடுவில் ஆற்றோரம் குடியிருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் எட்டு மாடிகளில் வரிசையாகக் குடிவைத்த இடம் அது. அருங்காட்சியகமோ விமான நிலையமோ கட்ட வேண்டும் என்ற கனவுள்ளவர் இந்த மூன்று ஊரையும் வேறு மாதிரி வரிசைப்படுத்துவார். அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

கட்டணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். பெர்லினில் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சுமார் 300 யூரோ பங்களிப்பு, அதிலேயே ரயில், பஸ் பயணச்சீட்டும் அடக்கம். ஆனால் ‘ஜெர்மனி இலவசம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் முதுநிலைப் படிப்புக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை கேட்கிறது. மாநிலத்துக்கு மாநிலம், சில சமயம் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிற விஷயம் இது. பெர்லினில் இன்றுவரை இல்லை.

கட்டணம் இல்லாத இடத்தில் முடக்கக் கணக்கு இருக்கிறது. விசாவுக்குப் போகும்முன் ஒரு வருடத்துக்கு 11,904 யூரோவை ஜெர்மானியக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் நமக்கே திரும்ப வரும். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 12 லட்சம். நம் பணம்தான், யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நம்மில் எத்தனை வீடுகளில் 12 லட்சத்தை ஒரே மூச்சில் புரட்ட முடியும்? இதோடு இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம். அது கைக்கு வராமல் விசா விண்ணப்பம் நகராது.

வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 726.72 யூரோ. அந்தச் சில்லறைவரை துல்லியம் எனக்குப் பிடித்திருந்தது. அதே நூறு ரூபாய்க் கணக்கில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாயைத் தொடாது, நம் ஊர் தனியார் கல்லூரிகளின் கட்டணத்துக்கு முன் இது பெரிய தொகை அல்ல. கணக்கில் பணம் காட்டும் சடங்கு அங்கேயும் உண்டு.

டெல்ஃப்ட்தான் மலை. முதுநிலைப் படிப்புக்கு வருடம் 20,000 யூரோவுக்கு மேல். இரண்டு வருடம் என்றால் கட்டணம் மட்டுமே 40 லட்சத்தைத் தாண்டும், சாப்பாடும் வாடகையும் தனி. பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனாலே சொத்துப் பத்திரம் கேட்பார்கள். ஏழைகளின் வீட்டைப் பற்றிப் படிப்பதற்கு இருக்கிற ஒரே வீட்டை அடமானம் வைப்பதா என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பணத்தோடு நிறுத்திக்கொண்டால் பெர்லின் முதலிடம், வியன்னா அதை ஒட்டினாற்போல், டெல்ஃப்ட் எங்கோ பின்னால். ஆனால் கட்டடக்கலை படிக்கிறவருக்கு ஊரே பாதி வகுப்பறை. வீடு என்ற என் பாடத்துக்கு இந்த ஊர்கள் எதைக் கற்றுத்தரும் என்று பார்த்தால் வரிசை கலைந்துவிடுகிறது.

பெர்லினில் பிரிட்ஸ் பகுதியில் லாடக் குடியிருப்பு என்று ஒன்று இருக்கிறது. புரூனோ டௌட்டும் மார்ட்டின் வாக்னரும் 1925இல் தொடங்கிக் கட்டியது. ஒரு குளத்தைச் சுற்றி லாட வடிவில் வளைந்து போகும் வீட்டு வரிசை. 2008 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. தொழிலாளருக்கும் சிறு ஊழியருக்கும் கட்டிய வீடுகளில் வாசற்கதவுகளுக்கு விதவிதமாக நிறம் தீட்டியிருக்கிறார்கள். மலிவான வீடு என்றால் சாம்பல் நிறப் பெட்டிதான் என்று யார் சொன்னது என்று கேட்பதைப் போலிருந்தது.

ஆனால் பெர்லினின் உண்மையான பாடம் அந்தக் கதவுகளில் இல்லை, விற்பனைப் பத்திரங்களில் இருக்கிறது. கடனில் தவித்த அந்த நகரம் 2004இல் தன் வீட்டு நிறுவனமான ஜிஎஸ்டபிள்யூவை, சுமார் 65,000 வீடுகளோடும் அதன் கடனோடும் சேர்த்து, 40 கோடி யூரோவைச் சுற்றிய விலைக்குத் தனியாரிடம் விற்றது. பிறகு வாடகை ஏறியது. நகரம் கொண்டுவந்த வாடகை உச்சவரம்புச் சட்டத்தை 2021 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில், பெரிய வீட்டு நிறுவனங்களைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். அந்த மாதமே நகர நிறுவனங்கள் தனியாரிடமிருந்து ஏறத்தாழ 14,750 வீடுகளை 240 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கின. விற்ற விலையையும் வாங்கிய விலையையும் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் எழுதவில்லை, வாயால் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தார். நான் என் ஸ்கெட்ச் புத்தகத்தில் எழுதி அடிக்கோடிட்டுக்கொண்டேன். வீட்டுக்கொள்கை எப்படிக் கெடும் என்று படிக்க பெர்லினைவிட நல்ல ஊர் கிடையாது.

டெல்ஃப்டுக்கு வருகிறேன். அங்கே ஊரை முந்திக்கொண்டு கட்டடக்கலைப் பள்ளி பேசுகிறது. கட்டடக்கலைத் துறையின் பழைய கட்டடம் 2008 மே மாதம் எரிந்து போனது. ஒரு காபி இயந்திரத்தில் தண்ணீர் கசிந்து மின்கசிவு ஏற்பட்டதுதான் காரணம். துறை ஒரு பழைய பல்கலைக்கழகக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்து, முற்றங்களைக் கண்ணாடிக் கூரையால் மூடி, அதற்குள் பட்டறையும் ஆரஞ்சு நிறப் படிக்கட்டும் அமைத்துக்கொண்டது. அவசரத்தில் எடுத்த முடிவு இவ்வளவு நல்ல பள்ளியைக் கொடுத்திருக்கிறது. அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து மாணவர்கள் மாதிரிகளை வைத்துக்கொண்டு சண்டை போடுவதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. வகுப்புகள் ஆங்கிலத்தில், கற்பித்தல் ஒழுங்காக, ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம். பள்ளியை மட்டும் ஒப்பிட்டால் டெல்ஃப்டுக்குத்தான் என் ஓட்டு.

ஊரும் சும்மா இல்லை. பக்கத்து ராட்டர்டாமின் ஸ்பாங்கன் பகுதியில் மிக்கியேல் பிரிங்க்மன் வடிவமைத்து 1922இல் முடிந்த யுஸ்டஸ் வான் எஃபன் குடியிருப்பு இருக்கிறது. இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். செங்கல் கட்டடம், உள்ளே முற்றங்கள். இரண்டாம் மாடி உயரத்தில் வீடுகளைத் தொட்டபடி முற்றத்தைச் சுற்றி ஓர் அகலமான நடைத்தெரு. தாழ்வாரம் என்று சொல்ல மனம் வரவில்லை. பால்காரரும் ரொட்டிக்காரரும் வண்டியோடு லிஃப்டில் ஏறி வந்து வீட்டுக்கு வீடு விற்றுக்கொண்டு போகும் அளவுக்கு அகலமாகக் கட்டியிருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரில் பூச்செடிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். நாங்கள் போன அன்று ஒரு பாட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று சக்கர சைக்கிளில் ஒரு குழந்தை எங்களை விலகச் சொல்லி மணியடித்தது. பெரும்பாக்கத்தில் மாடிவீட்டுப் பெண்கள் என்னிடம் சொன்ன முதல் குறையே, மேலே ஏறிவிட்டால் தெரு இல்லை என்பதுதான். நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் தெருவை மேலே ஏற்றிக் காட்டியிருக்கிறார். நடைத்தெருவின் அகலத்தைக் காலடியால் அளந்து வரைந்துகொண்டேன்.

அந்த நாட்டில் வீட்டுச் சட்டம் 1901இலேயே வந்துவிட்டது. இன்றும் நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லாப நோக்கில்லாத வீட்டுச் சங்கங்களிடம் இருக்கிறது. ஆனால் மாணவருக்கு அறை கிடைப்பதில்லை. கேன்டீனில் சந்தித்த தஞ்சாவூர்க்காரர் முதல் செமஸ்டரின் பாதியை ஓய்வு விடுதியின் அடுக்குக் கட்டிலில் கழித்ததாகச் சொன்னார். முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போன வாடகை விளம்பரக்காரர் கதை ஒன்றும் அவரிடம் இருந்தது. தங்குமிடம் உறுதியாகாவிட்டால் வராதீர்கள் என்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களே வெளிநாட்டு மாணவர்களை எச்சரிக்கின்றன. பெர்லினிலும் அறை தேடுவது எளிதல்ல. அங்கே பொதுவாகப் பல மாதத் தேடல், பல வீடுகளில் நேர்முகம். மூன்றிலும் வியன்னா கொஞ்சம் இரக்கமுள்ளது என்று மாணவர்கள் சொன்னார்கள். மாணவர் விடுதிகள் நிறைய இருக்கின்றன.

வியன்னாவைக் கடைசியில் வைத்தது வேண்டுமென்றே. அங்கே நகராட்சி வீடுகள் நகரத்தின் ஓரத்தில் ஒளிந்திருப்பதில்லை. டிராமில் போகும்போது நிறுத்தத்துக்கு நிறுத்தம் தென்படுகின்றன. சுவரில் பெரிய சிவப்பு எழுத்துகள்: வியன்னா நகராட்சி, வீட்டுக் கட்டுமான வரியின் நிதியிலிருந்து, இந்த இந்த ஆண்டுகளில் கட்டியது. யார் பணத்தில் கட்டினார்கள் என்பதைக் கட்டடத்தின் நெற்றியிலேயே எழுதிவைத்த நகரம். அந்த வரி 1923இல் வந்தது. பெரிய வீட்டுக்கு அதிகம், சிறிய வீட்டுக்குச் சொற்பம் என்ற ஏறுமுக வரி. அதை வைத்துப் பதினோரு வருடத்தில் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள்.

கார்ல் மார்க்ஸ் ஹோஃப் அவற்றில் பேர்போனது. கார்ல் ஏன் வடிவமைத்து 1930இல் திறந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், 1,382 வீடுகள். ஆனால் மொத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கட்டடம், மீதியெல்லாம் தோட்டமும் முற்றமும். அங்கிருந்த பழைய சலவைக்கூடம் ஒன்றில் இப்போது ‘சிவப்பு வியன்னா’வின், அதாவது சமூக ஜனநாயகக் கட்சி நகரை ஆண்டு இந்த வீடுகளைக் கட்டிய காலத்தின், வரலாற்றைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதே கட்டடத்தில் இன்னும் துணி துவைக்கிறார்கள். வரிக்கொள்கை பற்றிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சோப்பு வாசனை வந்தது. நூலகம், மழலையர் பள்ளி, சலவைக்கூடம், குளியலறை எல்லாம் வீட்டோடு சேர்த்துத் திட்டமிட்டவை. பெரும்பாக்கத்துக்கு வீடுகள் முதலில் வந்தன, பள்ளியும் பஸ்ஸும் மருத்துவமனையும் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. என் ஆய்வுத் திட்டத்தின் கேள்வியே அதுதான், பதில் இங்கே சுவரில் ஒட்டியிருக்கிறது.

பெர்லின் விற்றது, வியன்னா விற்கவில்லை. இந்த ஊரின் சிறப்பு இவ்வளவுதான் என்றுகூடச் சொல்லலாம். இன்றும் சுமார் 2,20,000 வீடுகள் நகராட்சியின் கையில் இருக்கின்றன. மானிய உதவியோடு கட்டிய சங்க வீடுகளையும் சேர்த்தால் நகரவாசிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருக்கிறார்கள். அதனால் இங்கே ‘ஏழைகளின் வீடு’ என்று தனியாக ஒரு வகை இல்லை. ஆசிரியரும் ஓட்டுநரும் ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள். புதிதாக எழும் ஆஸ்பெர்ன் ஏரி நகரில் வீடுகள் முழுக்க நிறையும் முன்பே மெட்ரோவைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள்.

இனி வியன்னாவின் குறை. எல்லாமே ஜெர்மனில் நடக்கிறது. கட்டடக்கலை முதுநிலைப் படிப்பை அங்கே ஜெர்மனில்தான் படிக்க வேண்டும், மொழித் தேர்வில் பி2, சி1 என்ற உயர்நிலை வரை வர வேண்டும். பெர்லினிலும் பெரும்பாலான படிப்புகள் ஜெர்மனில்தான், ஆங்கிலத்தில் சில மட்டும் உண்டு. ஆங்கிலத்தை வைத்தே முழுக்கச் சமாளிக்கக்கூடியது டெல்ஃப்ட் ஒன்றுதான். என் வகுப்புத் தோழர்கள் மொழியை ஒரு தடையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது செலவுக் கணக்கில் வரும் ஒரு வரி. டெல்ஃப்டில் 40 லட்சம் கொடுத்துத் தவிர்க்கிற சிரமத்தை வியன்னாவுக்காக ஒன்றரை வருட உழைப்பால் கடக்கிறேன். தவிர, வீட்டைப் பற்றி ஆராய்கிறவர் குடியிருப்பவரிடம் பேசாமல் என்ன ஆராய்வது? ஸ்பாங்கனில் அந்தப் பாட்டியிடம் நான் கேட்க நினைத்தது ஏராளம். சிரித்துவிட்டு வரத்தான் முடிந்தது. மூன்றில் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் மொழி வேண்டும். டெல்ஃப்ட் அதைக் கட்டாயமாக்குவதில்லை, அவ்வளவுதான்.

படித்த பிறகு வேலை தேட ஜெர்மனி 18 மாதம் தருகிறது, நெதர்லாந்தும் ஆஸ்திரியாவும் ஒரு வருடம். படிக்கும்போது வேலை பார்ப்பதிலும் ஜெர்மனியே தாராளம்: வருடத்துக்கு 140 முழு நாட்கள். நெதர்லாந்தில் வாரம் 16 மணி நேரம், அதற்கும் முதலாளி அனுமதி வாங்க வேண்டும். கட்டடக்கலைஞர் என்று பெயருக்கு முன் போட்டுக்கொள்ள மூன்று நாட்டிலும் பட்டத்துக்கு மேல் வருடக்கணக்கில் அனுபவமும் பதிவும் தேவை. எனக்குத் திரும்பி வருகிற எண்ணம் இருப்பதால் இந்தப் பகுதிக்கு நான் அதிக மதிப்பெண் கொடுக்கவில்லை. அங்கேயே தங்க நினைப்பவர் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும், அப்படி வைத்தால் ஜெர்மனி ஜெயிக்கும். குளிரும் சாப்பாடும் ஒப்பீட்டுக்கே உரியவை அல்ல. மூன்று ஊரிலும் சாம்பார்ப் பொடி கிடைக்கிறது.

யாரும் பேசாத நான்காவது வழி ஒன்றும் உண்டு: உடனே போகாமல் இருப்பது. பட்டம் முடித்ததும் சென்னையில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து, மாலையில் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிப்பது. தொடக்கச் சம்பளம் சிறியது என்று சீனியர் அக்காக்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு கட்டடமாவது தரையிலிருந்து எழுவதைப் பார்த்துவிட்டுப் போனால், அங்கே ஸ்டுடியோவில் பேசுவதற்கு நமக்கென்று ஏதாவது இருக்கும். முடக்கக் கணக்கோ வியன்னாவின் கணக்கோ, அதற்கான தொகையில் ஒரு பகுதியையாவது சொந்தச் சம்பளத்தில் சேர்க்கலாம். இரண்டு வருடம் தள்ளிப்போகும் என்பது உண்மை. தள்ளிப்போவது போகாமலே நின்றுவிடும் என்று அப்பா பயப்படுகிறார். அந்தப் பயத்தையும் தள்ளிவிட முடியவில்லை, கல்யாணப் பேச்சு எந்த வீட்டில் காத்திருக்கிறது?

இத்தனையும் வைத்துப் பார்த்தால் என் வரிசை இதுதான். முதலில் வியன்னா, அதற்கு முன் சென்னையில் வேலையும் மொழியும். மொழி நினைத்த வேகத்தில் வராவிட்டால் பெர்லினில் ஆங்கிலத்தில் நடக்கும் நகர வடிவமைப்புப் படிப்பு. டெல்ஃப்டுக்கு, உதவித்தொகை கிடைத்தால் மட்டும். அங்கே கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் சேர்த்துத் தரும் உதவித்தொகை ஒன்று உண்டு, இடங்கள் மிகக் குறைவு. அதன் பெயரிலும் யுஸ்டஸ் வான் எஃபன் உண்டு, ஆனால் ஸ்பாங்கன் குடியிருப்பின் பெயருக்குரியவர் வேறு, இவர் வேறு. அதற்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவைப்பதில் நட்டமில்லை.

என் அறைத்தோழி இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் படிக்க நினைப்பது கட்டடத் தொழில்நுட்பம்: வெயிலைத் தடுக்கும் முகப்புகள், கண்ணாடி, காற்றோட்டம். அந்தப் பாடத்துக்கு டெல்ஃப்டில் தனிப் பிரிவே இருக்கிறது, அங்கே பட்டறையில் செய்து பார்க்கிறார்கள், மொழிக்கு ஒன்றரை வருடம் செலவழிப்பது அவளுக்கு வீண். அவள் மாமா கடனுக்குக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார். அவள் நிலையில் இருந்தால் நானும் டெல்ஃப்டுக்குத்தான் விண்ணப்பிப்பேன். ஆனால் அவள் சேர்க்கைக் கடிதத்துக்கு முன்பே அறை தேடத் தொடங்கிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தஞ்சாவூர்க்காரரின் எண்ணையும் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.